கரண்ட் போனா காத்தாடி ஏன் நிக்குது?

நாகர்கோவில், கன்னியாகுமரின்னு கிளம்பி வர்ற நகரத்து ஆட்கள் பணகுடி தாண்டினதும் ஜன்னல் வழியா போனை நீட்டி வீடியோ எடுக்க ஆரம்பிச்சிருவாங்க. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டின மட்டும் காற்றாலை. எங்க பக்கம் அதுக்குக் காத்தாடின்னுதான் பேரு. அதைப் பார்த்துட்டு வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே மாதிரி சொல்லுவாங்க: "உங்களுக்கு என்ன, வாசல்லயே கரண்ட் விளையுது. கட்டே இருக்காது."

கட் இருந்தது. அதுக்கு மேல ஒரு வேடிக்கையும் இருந்தது. 1990கள்ல, ஆடிக் காத்து ஆளைத் தள்ளுற நேரத்துல லைன்ல கரண்ட் போகும். கரண்ட் போன உடனே காத்தாடியும் பிரேக் பிடிச்சு நின்னுரும். மேல காத்து ஊளையிடுது, இலை அசையாம நிக்குது, கீழ ஊர் இருட்டுல கிடக்குது. கரண்ட் எடுக்கிற மிஷின், கரண்ட் இல்லைன்னு நிக்கிறது என்ன நியாயம்னு டீக்கடையில பேசாத ஆள் கிடையாது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனா அது ஒரு பெரிய சரித்திரமா விரியுது. டென்மார்க்குல ஆரம்பிச்சு, எங்க கிணத்து மோட்டார் வழியா வந்து, இன்னைக்கு இந்தியா முழுக்க ஓடுற மின்கம்பி வரைக்கும் போகுது. நான் ஐஸ்கூலோட நின்னவன். ஆனா என் மச்சான் பதினெட்டு வருஷம் ஒரு காத்தாடிக் கம்பெனியில ஆப்பரேட்டரா இருந்தவர். எங்க தெருவுலயே ரிட்டையர் ஆன லைன்மேன் அண்ணாச்சி ஒருத்தர் இருக்கார். ரெண்டு பேரையும் உக்கார வச்சுக் கேட்டது, கிடைச்சதைப் படிச்சது, நாப்பது வருஷமா கண்ணால பார்த்தது, மூணையும் சேர்த்து எழுதுறேன்.

காத்து இருந்தது, கம்பி இல்லை

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்க வந்து முடியிற இடத்துல ஆரல்வாய்மொழி கணவாய் இருக்கு. அரபிக் கடல்ல இருந்து வர்ற தென்மேற்குக் காத்துக்கு மலை முழுக்கச் சுவர். இந்த இடத்துல திறந்த வாசல். அகலமான ஆறு குறுகின மதகுல புகுந்தா எப்படிப் பாயும்? அது மாதிரி வைகாசியில இருந்து புரட்டாசி வரைக்கும் பாயும். வாசலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி, ராதாபுரம் எல்லாம் அந்தப் பாய்ச்சல்லதான் இருக்கு. உடைமரம் எல்லாம் ஒரு பக்கமாச் சாய்ஞ்சே வளரும். முருங்கை போட்டா கிளை முறியும், வாழை போட்டா இலை நார் நாராக் கிழியும். காத்து எங்களுக்குத் தொல்லைதான், செல்வம்னு யாரும் நினைச்சதில்லை.

அதைச் செல்வம்னு அளந்து சொன்னவங்கள்ல முக்கியமானவர் அன்னா மணி. பீர்மேட்டுல பிறந்த வானிலை விஞ்ஞானி. 1980கள்ல நாடு முழுக்கக் கம்பம் நட்டு, காத்தோட வேகத்தை மாசக்கணக்குல அளந்து, புத்தகம் புத்தகமா வெளியிட்ட வேலைக்குத் தலைமை தாங்கினவர். 1986ல தூத்துக்குடி பக்கத்துல முள்ளக்காட்டுல மின்வாரியம் முதல் காத்தாடிகளை வச்சது. ஒவ்வொண்ணும் 55 கிலோவாட். அதே வருஷம் குஜராத்துல ஓகாவுலயும் மகாராஷ்டிரத்துல ரத்னகிரியிலயும் வச்சாங்க. பிறகு டென்மார்க் அரசு உதவியோட கயத்தாறுலயும் முப்பந்தல்லயும் பெரிசா வந்தது. இதெல்லாம் அரசு வச்ச மாதிரிப் பண்ணைகள். மொத்தமாக் கூட்டினாலும் 20 மெகாவாட்டுக்கும் குறைவு.

கூட்டம் வந்தது அதுக்கு அப்புறம்தான். காத்தாடி வாங்கின கம்பெனிக்கு, அதோட விலை முழுக்க முதல் வருஷமே தேய்மானம்னு கணக்குக் காட்டி வருமான வரியைக் குறைச்சுக்கலாம்னு மத்திய அரசு சலுகை குடுத்தது. நூல் மில், சிமெண்ட் கம்பெனின்னு சம்பந்தமில்லாத ஆட்கள் எல்லாம் எங்க புஞ்சைக் காட்டைத் தேடி வந்தாங்க. ஆடு மேய்ஞ்ச நிலத்துக்கு விலை வந்ததேன்னு நாங்களும் குடுத்தோம். இங்க எடுக்கிற கரண்டை வாரியத்தோட கம்பியில விட்டு, கோயம்புத்தூர் பக்கத்து மில்லுல கழிச்சுக்கலாம். நீங்க போட்டிருக்கிற சட்டையோட நூல்ல எங்க ஊர்க் காத்து இருக்க வாய்ப்பு நிறைய.

இங்கதான் சிக்கல். காத்தாடி வந்த வேகத்துக்குக் கம்பி வரலை. அப்போ இங்க இருந்த லைன், நாலு கிராமத்துக்கும் கொஞ்சம் பம்ப்செட்டுக்கும் கரண்ட் கொண்டு வர்றதுக்காக இழுத்தது. ஒரு திசையில வாங்கிக்கப் போட்ட ஒத்தையடிப் பாதை. அதுல எதிர்த் திசையில லாரி லாரியா வந்தா என்ன ஆகும்?

உள்ள இருந்தது நம்ம கிணத்து மோட்டார்தான்

மச்சான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, காத்தாடிக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டேன். "உம்ம கிணத்துல இருக்கிற அதே மோட்டார்தான் அத்தான், சைஸ் மட்டும் பெரிசு"ன்னார். கேலி பண்றார்னு நினைச்சேன். உண்மையைத்தான் சொல்லியிருக்கார்.

உங்க அபார்ட்மெண்ட்ல தண்ணி ஏத்துற மோட்டாரோட தகட்டைப் பாருங்க. மூணு பேஸ், நாலு போல் மோட்டாரா இருந்தா 1440 ஆர்பிஎம்னோ அதுக்குக் கிட்டத்துலயோ போட்டிருக்கும். 50 ஹெர்ட்ஸ் கரண்ட் குடுத்தா, அதோட சுருளுக்குள்ள ஒரு காந்த இழுவை நிமிஷத்துக்கு 1500 தடவை சுத்தும். கண்ணுக்குத் தெரியாது. உள்ள இருக்கிற ரோட்டர் அதைப் பின்னாலயே துரத்திக்கிட்டு 1440ல ஓடும். அந்தப் பின்தங்கல்லதான் மோட்டாரோட பலமே இருக்கு. இப்போ யாராவது வெளியில இருந்து அந்த ரோட்டரைத் தள்ளி 1500க்கு மேல ஓட வச்சா, மோட்டார் கரண்ட் இழுக்கிறதை விட்டுட்டு லைனுக்குக் கரண்டைத் தள்ள ஆரம்பிக்கும். காத்தாடியோட பெரிய ஜெனரேட்டருக்கு ஒரு சதவீதம் கூடினாலே போதும். 1515ல முழு லோடு.

மாட்டு வண்டியை நினைச்சுப் பாருங்க. மேட்டுல மாடு வண்டியை இழுக்குது. இறக்கத்துல வண்டி மாட்டைத் தள்ளுது. அதே மாடு, அதே வண்டி, அதே நுகத்தடி. தள்ளுற பக்கம் மட்டும் மாறுது. காத்து அடிச்சா வண்டிக்கு இறக்கம், காத்து விட்டா மேடு.

இதுல ஒரு நிபந்தனை உண்டு. அந்தச் சுத்துற காந்த இழுவை தானா வராது. அதை உண்டாக்குற கரண்ட் லைன்ல இருந்து வரணும். லைன் செத்தா காந்தமும் இல்லை. அப்புறம் இலை எவ்வளவு சுத்தினாலும் தள்ளுறதுக்கு மாடு இல்லாத வண்டிதான். பிடிச்சு நிறுத்துற இழுவை இல்லாம இலை வெறி பிடிச்ச மாதிரி சுத்தி, மிஷினே உடைஞ்சிரும். அதனால லைன் போன நொடியில பிரேக் விழணும்னு அமைச்சிருந்தாங்க. டீக்கடைக் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். கரண்ட் வாங்காம அதால கரண்ட் குடுக்க முடியாது.

டென்மார்க் யோசனை

இப்படி ஒரு மோட்டாரை ஜெனரேட்டரா வைக்கிற யோசனை எங்க இருந்து வந்தது? காத்துல கரண்ட் எடுக்கிறது பழசு. டென்மார்க்குல அஸ்கோவ்ங்கிற ஊர்ல பால் லா கூர்னு ஒரு வாத்தியார் 1891லயே எடுத்தார். ஆனா அது டிசி கரண்ட். ஊர் லைனோட சேராது. அமெரிக்காவுல வெர்மான்ட் மலையில 1941ல 1,250 கிலோவாட் ராட்சத மிஷினை ஏசி லைன்ல சேர்த்தாங்க. 1945ல அதோட இலை ஒண்ணு பிய்ச்சுக்கிட்டுப் போச்சு, அதோட கதை முடிஞ்சது.

லா கூர்கிட்ட சின்ன வயசுல படிச்ச யோகன்னஸ் யூல் ஒரு மின்சாரக் கம்பெனி இன்ஜினியர். வயசான காலத்துல, 1950கள்ல, அவர் எளிமையான வழியைப் பிடிச்சார். சாதாரண இண்டக்‌ஷன் மோட்டாரையே ஜெனரேட்டராப் போட்டார். லைனே அதோட வேகத்தைப் பிடிச்சு வச்சுக்கும், தனியா வேகக் கட்டுப்பாடு வேண்டாம். காத்து ரொம்ப அடிச்சா, இலையோட வடிவமே அதிகப்படி இழுவையை உதறிவிடும். 1957ல கெட்ஸர் ஊர்ல அவர் வச்ச 200 கிலோவாட் மிஷின் பெரிய பழுதில்லாமப் பத்து வருஷம் ஓடினது. 1973ல எண்ணெய் விலை ஏறினதும் எல்லாரும் அதைத் திரும்பிப் பார்த்தாங்க. கிறிஸ்டியன் ரீசாகர்னு ஒரு தச்சர் 22 கிலோவாட்ல அதே மாதிரி செஞ்சார். பட்டறைக்காரங்க, உழவு மிஷின் செய்யறவங்க எல்லாம் அந்த வழியில இறங்கினாங்க. அதுதான் கலிபோர்னியாவுக்குக் கப்பல் ஏறினது, பிறகு தூத்துக்குடியில இறங்கினது.

ஆக, எங்க காட்டுக்கு வந்தது முட்டாள் மிஷின் இல்லை. ரொம்ப புத்திசாலித்தனமா எளிமையாக்கின மிஷின். ஆனா அது டென்மார்க் லைனை நம்பிச் செஞ்சது. அங்க லைன் கல்லு மாதிரி நிக்கும். இங்க லைன் தொட்டில் கயிறு மாதிரி ஆடும்.

வெறும் சால் கணக்கு

நகரத்துல இருக்கிறவங்களுக்கு அதிகம் தெரியாத சமாச்சாரம் ஒண்ணு உண்டு. ரியாக்டிவ் பவர்னு வாரியத்துல சொல்லுவாங்க. கமலை இறைச்ச காலத்தை வச்சுச் சொல்லலாம். மாடு சரிவுல இறங்கும்போது சால் நிறையத் தண்ணி மேல வரும். மாடு பின்னாலயே நடந்து ஏறும்போது வெறும் சால் கிணத்துக்குள்ள இறங்கும். அந்தத் திரும்பு நடையில ஒரு சொட்டுத் தண்ணி கிடைக்காது. ஆனா அந்த நடை இல்லாம அடுத்த சால் இல்லை. வடமும் அதுக்கும் சேர்த்துத்தான் தேயுது.

மோட்டாருக்குள்ள காந்தத்தை எழுப்பி அடக்குறதுக்காகக் கம்பியில போயிட்டு வந்துக்கிட்டே இருக்கிற கரண்ட் அப்படித்தான். யூனிட் மீட்டர்ல விழாது. ஆனா கம்பியில இடத்தை அடைக்கும், தூரத்துல வோல்டேஜை இறக்கும். பழைய காத்தாடி முழு லோடுல ஓடும்போது, தான் குடுக்கிற கரண்ட்ல பாதி அளவுக்கு இந்த வெறும் சால் கரண்டை லைன்ல இருந்து கேக்கும். குடுக்கிற கையும் வாங்குற கையும் ஒண்ணா நீளும்.

இதுக்கு மருந்து கெப்பாசிட்டர். அந்தப் போயிட்டு வர்ற கரண்டை மிஷின் பக்கத்துலயே வச்சுக் குடுக்கும். டென்மார்க்குல, மிஷின் சும்மா சுத்தும்போது கேக்குற அளவுக்கு மட்டும் கெப்பாசிட்டர் வச்சாப் போதும்னு வழக்கம். மீதியை அவங்க லைன் தாங்கும். அதே அளவோட இங்க வந்த மிஷின் இங்க பத்தலை. சரி, நிறைய வச்சிரலாமேன்னா அதுலயும் ஆபத்து. லைன் அறுந்த பிறகும் கெப்பாசிட்டரே மிஷினுக்குக் காந்தத்தை ஊட்டிவிட, மிஷின் தானாகவே கரண்ட் எடுக்க ஆரம்பிச்சு வோல்டேஜ் தாறுமாறா ஏறும். லைன் செத்துப்போச்சுன்னு நம்பிக் கம்பத்துல ஏறுறவன் கதி? லைன்மேன் அண்ணாச்சி சொன்னார்: "எர்த் ராடு போடாம நான் ஒரு கம்பியும் தொட்டதில்ல தம்பி. அதான் பேரனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

ஒரே கம்பியில ரெண்டு தாகம்

எங்களுக்கு அடி விழுந்தது இங்கதான். தமிழ்நாட்டுல சிறு விவசாயிகளுக்கு 1984லயும், பிறகு எல்லா விவசாயிகளுக்கும் 1990 வாக்குலயும் இலவச கரண்ட் வந்தது. கமலையைக் கழட்டிப் பரண்ல போட்டுட்டு எல்லாரும் மோட்டார் வச்சோம். எங்க பக்கம் ஆனி, ஆடியில மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்னுரும், இங்க காத்து மட்டும் வரும். மண்ணு காயும். மோட்டார் ஓடியே ஆகணும். காத்தாடியும் அப்போதான் முழு வேகத்துல ஓடும். ரெண்டும் ஒரே சாதி மோட்டார், ரெண்டுக்கும் வெறும் சால் கரண்ட் வேணும், ரெண்டும் ஒரே சப்-ஸ்டேஷனைப் பார்த்து வாயைத் திறக்கும்.

வோல்டேஜ் இறங்கினா இந்த மோட்டாரோட பலம் அதே அளவுல இறங்காது, அதை விட வேகமா இறங்கும். வோல்டேஜ் பாதியானா பலம் கால்வாசி. கிணத்துல தண்ணியை ஏத்த முடியாம மோட்டார் உறுமும், கரண்டை இன்னும் அதிகமா இழுக்கும், சூடேறும், கடைசியில வார்னிஷ் கருகின வாடை வரும். அந்த வாடை தெரியாத விவசாயி எங்க பக்கம் கிடையாது. ஒரே ஆடி மாசத்துல எனக்கு ரெண்டு தடவை காயில் போச்சு. வள்ளியூருக்குத் தூக்கிட்டுப் போனா, சுத்துற கடையில எனக்கு முன்னால பதினோரு மோட்டார் வரிசையில இருந்தது. கரண்ட் இலவசம்னு பேரு. காயில் சுத்துற கூலி எங்க கையில.

காத்தாடி மட்டும்தான் காரணம்னு சொன்னா அது நியாயம் இல்லை. எங்க பம்ப்செட்லயும் பாதிக்குக் கெப்பாசிட்டர் கிடையாது. மூணு பேஸ் நேரம் முடிஞ்சு ரெண்டு பேஸ் வரும்போது, கண்டன்சர் போட்டு மூணு பேஸ் மோட்டாரை ஓட்டுறது ஊர் வழக்கம். அதனால மூணு கம்பியில லோடு சமமா இருக்காது. இந்தச் சமமில்லாத கரண்ட் காத்தாடிக்குள்ள போனா ஜெனரேட்டர் சூடேறும், ரிலே விழுந்து மிஷின் நிக்கும். ஆக நாங்க அவங்களை நிறுத்தினோம், அவங்க எங்க மோட்டாரை வதைச்சாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த கம்பி மெலிசு. அதுதான் மூலக் காரணம்.

இன்னொரு கூத்து ஹெர்ட்ஸ். 1990கள்ல தென்னிந்தியா முழுக்கக் கரண்ட் பத்தாக்குறை. 50ல நிக்க வேண்டிய ஹெர்ட்ஸ் 48 பக்கம் இறங்கும். 48ன்னா அந்த 1500 சுத்து 1440 ஆயிரும். கிணத்துல தண்ணி குறையும், வீட்டு பேன் மெதுவாகும், காத்தாடியும் கூடவே மெதுவாகும். ஏன்னா அது லைனோட கட்டிப்போட்ட மாடு. மெதுவாச் சுத்துற இலை, பலத்த காத்துல சீக்கிரமாவே இழுவையை உதறிரும். நாட்டுக்குக் கரண்ட் அதிகமாத் தேவைப்படுற நேரத்துல காத்து இருந்தும் குறைச்சலாத்தான் தரும்.

டென்மார்க்குல ரிசோ ஆய்வுக்கூடத்து ஆட்களும் நம்ம நாட்டு இன்ஜினியர்களும் சேர்ந்து, தமிழ்நாட்டுலயும் குஜராத்துலயும் இதையெல்லாம் அளந்து பார்த்து 2000ல ஒரு அறிக்கை வெளியிட்டாங்க. பலவீனமான லைன்ல காத்தாடியைச் சேர்த்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு எங்க ஊர் உலகத்துக்கே பாடம் ஆச்சு. டீக்கடையில நாங்க புலம்பினதுக்கு அளவு கிடைச்சது அப்போதான்.

கை விடாதேன்னு சட்டம்

அதுக்கு அப்புறம் ரெண்டு பக்கமும் மாற ஆரம்பிச்சது. கம்பிப் பக்கம், காத்தாடிகளுக்குன்னு தனி லைன், தனி சப்-ஸ்டேஷன் வந்தது. ரியாக்டிவ் கரண்டை அளக்க மீட்டர் வச்சு அதுக்குத் தனியாக் காசு பிடிச்சாங்க. காசு போகுதுன்னதும் கெப்பாசிட்டரை ஒழுங்காப் பராமரிச்சாங்க. 2003ல இருந்து ஹெர்ட்ஸ் இறங்கின நேரத்துல அதிகமா இழுத்தா கூடுதல் விலைன்னு தென் மாநிலங்களுக்கு முறை வந்தது, ஹெர்ட்ஸ் ஒழுங்குக்கு வந்தது. 2013 டிசம்பர் 31ல ராய்ச்சூர்-சோலாப்பூர் லைன் மூலமா தென்னிந்திய கிரிட் வட இந்தியாவோட ஒண்ணாச் சேர்ந்தது. ஒத்தை மாட்டு வண்டி பெரிய மந்தையோட சேர்ந்த மாதிரி, ஆட்டம் குறைஞ்சது.

மிஷின் பக்கம் பெரிய மாற்றம் எலக்ட்ரானிக்ஸ். முதல்ல, லைன்ல சேரும்போது ஒரேயடியா மோதாம மெதுவா இணைக்கிற சாஃப்ட் ஸ்டார்ட்டர். பிறகு, ரோட்டருக்குள்ளயே தனியாக் கரண்ட் குடுத்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வகை. அதுல மிஷினோட பலத்துல மூணுல ஒரு பங்குக்குத்தான் எலக்ட்ரானிக்ஸ் பெட்டி தேவை. இன்னொரு வகையில மொத்தக் கரண்டும் பெட்டி வழியாத்தான் வெளிய வரும். ஜெர்மனியில எனர்கான் கம்பெனி 1990களோட தொடக்கத்துல கியரே இல்லாம அப்படி ஒண்ணைக் கொண்டு வந்தது. இந்த வகை மிஷின் காத்து எப்படி அடிக்குதோ அப்படிச் சுத்திக்கும். லைனுக்கு 50 ஹெர்ட்ஸ்ல குடுக்கிறது பெட்டியோட பொறுப்பு. வெறும் சால் கரண்டைக் கேக்கிறதுக்குப் பதிலா, தேவைப்பட்டா லைனுக்கே குடுக்கவும் செய்யும்.

ரோட்டுல இருந்தே இதை அடையாளம் பார்க்கலாம். பழசு இரும்புக் கிராதி டவர்லயோ குட்டையான குழாய் டவர்லயோ நிக்கும். ஒரே மாதிரி பழசுகள் பக்கத்துல பக்கத்துல காத்து கூடக் குறைய இருந்தாலும் ஒரே தாளத்துல வேகமாச் சுத்தும். ஏன்னா தாளம் போடுறது லைன். புதுசு உயரமா, நிதானமா, ஒவ்வொண்ணும் தன் காத்துக்குத் தக்கபடி சுத்தும்.

ஒரு பெரிய விஷயம் பாக்கி இருந்தது. ஆரம்பத்துல, லைன்ல பிரச்சனைன்னா காத்தாடி உடனே விலகிக்கணும்னுதான் விதி. நாலு காத்தாடி இருந்தப்போ அது சரி. ஆயிரக்கணக்குல ஆன பிறகு, எங்கயோ ஒரு கம்பியில மரம் விழுந்து வோல்டேஜ் ஒரு நொடி தடுமாறினா, அத்தனையும் ஒரே நேரத்துல கையை விட்டா என்ன ஆகும்? தேர் இழுக்கும்போது பாதி ஆட்கள் வடத்தை விட்ட கதைதான். விலகாத பழைய மிஷினாலயும் தொல்லை. வோல்டேஜ் விழுந்த நேரத்துல அதோட பிடி தளர்ந்து வேகம் ஏறும். வோல்டேஜ் திரும்பும்போது மறுபடி காந்தம் எழுப்ப எக்கச்சக்கமா ரியாக்டிவ் கரண்டை உறிஞ்சும். எழுந்திரிக்கப் பார்க்கிற லைனைக் காலைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி.

ஜெர்மனியில ஒரு பெரிய லைன் கம்பெனி 2003ல விதியையே திருப்பிப் போட்டது. வோல்டேஜ் விழுந்தாலும் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிச்சு நிக்கணும்னு. இந்தியாவுல மத்திய மின்சார ஆணையம் 2013ல அதைக் கொண்டு வந்தது. 66 கேவியிலயும் அதுக்கு மேலயும் புதுசாச் சேர்ற காத்தாடிப் பண்ணை, வோல்டேஜ் 15 சதவீதத்துக்கு விழுந்தாலும் 300 மில்லி செகண்ட் விலகாம நிக்கணும். கண்ணிமைக்கிற நேரம்தான். ஆனா அந்த நேரத்துக்குள்ள பழுதான கம்பியைப் பிரேக்கர் துண்டிச்சிரும், மீதி லைன் பிழைச்சுக்கும்.

பழசை அடியோட குறை சொல்லவும் முடியாது. லைனோட நேராக் கட்டின மிஷின்ங்கிறதால, எங்கயாவது பெரிய மின்நிலையம் திடீர்னு நின்னு ஹெர்ட்ஸ் இறங்கினா, அத்தனை டன் இலையும் ரோட்டரும் சுத்துற வேகத்துல இருந்து கொஞ்சம் பலத்தைத் தானாவே லைனுக்குக் குடுக்கும். பெட்டிக்குப் பின்னால நிக்கிற புதுசுக்கு அந்த ஆட்டம் தெரியவே தெரியாது. அதுக்குன்னு தனியாச் சொல்லிக் குடுக்கணும். சொந்தக்காரன் சத்தம் கேட்டு ஓடி வர்றதுக்கும், போன் போட்டுக் கூப்பிட்ட பிறகு வர்றதுக்கும் உள்ள வித்தியாசம்.

இப்போ என்ன

இன்னைக்குத் தமிழ்நாட்டுல காத்தாடி 10,000 மெகாவாட்டைத் தாண்டியாச்சு. 1990கள்ல வச்ச 225, 250 கிலோவாட் மிஷின்களுக்கு வயசாச்சு. பழசைக் கழட்டிட்டுப் புதுசு வைக்கவும், தாங்குறதைப் புதுப்பிக்கவும் 2024ல மாநில அரசு கொள்கை வெளியிட்டிருக்கு. பழசு பத்து நின்ன காட்டுல, மெகாவாட் கணக்குல தர்ற புதுசு ஒண்ணு ரெண்டு நிக்கும். காத்து அதிகமான காலத்துல கரண்டை வட மாநிலத்துக்கு அனுப்பவும் வசதி வந்திருக்கு. கரூர் பக்கம் புகளூர்ல இருந்து சத்தீஸ்கர் ராய்கர் வரைக்கும் 800 கேவி டிசி லைன் ஓடுது. நாலு கிராமத்துக்குப் போட்ட ஒத்தையடிப் பாதையில ஆரம்பிச்ச கதை அங்க போய் நிக்குது.

ஆனா எங்க கிணத்துக்கு வர்ற கம்பி? ஊருக்குள்ள பல இடத்துல இன்னும் அதே பழைய தாழ்வழுத்தக் கம்பி, அதே நிரம்பி வழியிற டிரான்ஸ்பார்மர். புது மிஷினுக்கு வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்கிற திறமை இருக்கு. சில வகை காத்து இல்லாத நேரத்துலகூட அதைச் செய்யும். அதைக் கம்பெனி மீட்டருக்காக மட்டும் இல்லாம, சுத்துப்பட்டு சப்-ஸ்டேஷன் வோல்டேஜுக்காகவும் ஓட்டச் சொல்லலாம். பம்ப்செட்டுக்குக் கெப்பாசிட்டரை வாரியமே மாட்டிக் குடுத்தா இலவச கரண்ட்ல வீணாப் போறது எவ்வளவோ மிஞ்சும். பழசைக் கழட்டும்போது அடியில இருக்கிற கான்கிரீட்டையும் தோண்டி எடுத்துட்டுத்தான் போகணும்னு எழுதி வாங்கணும். இல்லைன்னா அந்த இடத்துல நம்ம பேரப்பிள்ளைகளும் கலப்பை இறக்க முடியாது.

முப்பத்தஞ்சு வருஷமாக் காத்தாடியும் கம்பியும் ஒண்ணோட ஒண்ணு வாழப் பழகினதுதான் இந்தச் சரித்திரம். மிஷினுக்குச் சொல்லிக் குடுத்தாச்சு, பெரிய கம்பிக்கும் சொல்லிக் குடுத்தாச்சு. அடுத்தது கடைசிக் கம்பத்துல தொங்குற எங்க மோட்டாரோட முறை. நிலம் குடுத்தவங்க அதைக் கேக்குறதுல தப்பு ஒண்ணும் இல்லை.